இன்ஜினுக்கு இருமல் மருந்து

எங்கள் வள்ளத்தில் எனக்குப் பாதிப் பங்கு. பத்திரமெல்லாம் கிடையாது, சித்தப்பாவின் வாய்வார்த்தைதான். “பாதி உனக்குத்தாம்லே” என்பார். வலை கிழிந்தாலோ இன்ஜின் மக்கர் செய்தாலோ மட்டும் அந்தப் பாதி எப்படியோ முழுசாகி என் தலையில் வந்து விழும். நான் சென்னையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எங்கள் கடலோர ஊரான மணப்பாட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை போவேன், செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு, டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு. இந்தக் கூத்து அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது. சரியாகச் சொன்னால், நடுவில் யாரும் ஒன்றுமே செய்யாததால் நடந்தது.

போன செப்டம்பரில் திருவிழா முடிந்த கையோடு 20 லிட்டர் பெட்ரோல் வாங்கி, லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் ஆயில் கலந்து, சித்தப்பாவோடு ஒரு நாள் தொழிலுக்குப் போய் வந்தேன். தூரம் போகவில்லை, பெட்ரோல் பெரும்பாலும் அப்படியே மிச்சம். நான்கு சீலாவும் கொஞ்சம் கணவாயும்தான் பாடு, ஆனால் அலுவலகத்தில் அதை நான் சொன்ன விதத்தில் சீலா பதினைந்தாகிவிட்டது. கரைக்கு வந்ததும் டேங்கை வள்ளத்திலேயே விட்டுவிட்டு மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். பிறகு எடுத்து வைக்கலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் ரயில் வந்துவிட்டது. அடுத்த வாரமே சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் மழைக்காலம், வள்ளம் மூன்று மாதம் மணலில் சும்மா கிடந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் போய்க் கயிற்றை இழுத்தேன். வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்ட் இன்ஜினை இழுத்துப் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், முதல் பத்து இழுப்பு வீரம், அடுத்த பத்து கோபம், அதற்கு மேல் இழுப்பதெல்லாம் பக்தி. நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இன்ஜினின் காலை இறக்கி வைத்து, சோக்கை இழுத்து, ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை பிசைந்து, முப்பது நாற்பது தடவை இழுத்திருப்பேன். இரண்டு முறை லொக் லொக் என்று இருமியது. அவ்வளவுதான்.

சித்தப்பா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். “சளி பிடிச்சிருக்குலே” என்றார்.

அன்று ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தேன். வெள்ளைத் தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், எத்தனால் என்கிற சாராயம் கலந்த பெட்ரோல்தான் படகு இன்ஜினுக்கு எமன், இந்தத் திரவத்தை ஊற்று, எல்லாம் சரியாகும் என்றார். நம்மூர் பெட்ரோலில் 2022-ல் 10 சதவீதம் இருந்த எத்தனால், 2025-ல் 20 ஆகிவிட்டது. ஆக எமன் இரண்டு மடங்கு. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஆர்டர் போட்டேன், மூன்றாம் நாள் வந்தது. சின்ன பாட்டில், உள்ளே கடல் நிறத்தில் ஒரு திரவம், பார்க்கவே நம்பிக்கை வந்தது.

அளவுதான் சிக்கல். ஒரு அவுன்ஸ் ஊற்றினால் பத்து கேலனுக்குப் போதும் என்று போட்டிருந்தது. அவுன்ஸுக்கு 30 மில்லி, பத்து அமெரிக்க கேலனுக்கு 38 லிட்டர், நம்மிடம் இருப்பது 20 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆக மொத்தம் 15 மில்லி. கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஐந்து நிமிஷ வேலை, ஆனால் 15 மில்லியை எதில் அளப்பது? தம்பி மகனின் இருமல் மருந்து பாட்டில் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி கவிழ்த்து வைத்திருப்பார்களே, கோடு போட்டு 5, 10 என்று எழுதினது, அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

ஒன்றரை மூடி ஊற்றினேன். டேங்கைக் குலுக்கினேன். இழுத்தேன். லொக்.

இன்னும் ஒன்றரை மூடி.

“எத்தனை வேளைலே? சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?” என்றார் சித்தப்பா. இதற்குள் முறுக்கு தீர்ந்து அதிரசத்துக்கு வந்திருந்தார், கூடவே வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கூட்டம் சேர்ந்தால் மனிதனுக்கு வெறி வரும், மூன்றாவது முறை மூடி நிரப்பாமல் பாட்டிலையே சாய்த்துவிட்டேன்.

கடைசியில் சித்தப்பாதான் எழுந்து வந்தார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றில் முக்கால்வாசி பிடித்து, வள்ளத்தின் விளிம்பில் வெயில் படும்படி வைத்தார். “பேசாம நில்லு.” நின்றோம். பாட்டில் கொஞ்ச நேரம் கலங்கலாக இருந்தது, பிறகு மெல்ல மெல்ல நடுவில் ஒரு கோடு விழுந்தது. மேலே ஆயிலின் பச்சையோடு பெட்ரோல், கீழே வேறு மாதிரி ஒரு திரவம், சாராயம் மாதிரி. இரண்டும் பங்காளிச் சண்டை போட்டு நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டவர்கள்போல ஒட்டாமல் நின்றன.

வெறும் பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் அது தனியாக அடியில் போய் உட்காரும். எத்தனால் இருந்தால் முதலில் எத்தனால் அந்தத் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கில் குழாயின் வாயும் அடியில்தான். ஆக நான் நாற்பது தடவை கயிறு இழுத்து இன்ஜினுக்குக் குடிக்கக் கொடுத்தது அந்தச் சாராயத்தண்ணியைத்தான். இன்னொன்று, ஆயில் மேலே இருக்கிற பெட்ரோலோடு நின்றுவிட்டது, கீழே இருப்பதில் ஆயிலே இல்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் வருகிற ஒரே வழி பெட்ரோல்தான், அப்படியே ஓடியிருந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்து நின்றிருக்கும். “அது ஸ்டார்ட் ஆவாததுதாம்லே உன் புண்ணியம்” என்றார்.

அவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. டேங்க் மூடியின் மேல் இருக்கும் காற்றுத் திருகை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். ஓடும்போது திறக்க வேண்டும், நிறுத்தினால் மூட வேண்டும். மூன்று மாத மழைக்கும் அது வாயைத் திறந்தபடி இருந்திருக்கிறது. மேலே போட்ட தார்ப்பாயில் சரியாக அந்த இடத்தில்தான் ஒரு கிழிசல். எமன் பாவம், எங்கேயோ இருந்தார், வாசலைத் திறந்துவிட்டு வந்தது நான்.

அதற்கப்புறம்தான் பாட்டிலின் பின்பக்கத்தை முழுசாகப் படித்தேன். புதுப் பெட்ரோலில் ஊற்று, ஊற்றிய பின் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடு, அப்போதுதான் மருந்து கலந்த பெட்ரோல், அதைக் காற்றோடு கலக்கும் கார்ப்ரேட்டர் வரை போகும் என்று இருந்தது. பெட்ரோல் காற்று பட்டுப் பட்டுப் பிசினாவதைத் தள்ளிப்போடத்தான் அந்த மருந்து, பிரிந்துபோன எத்தனாலைத் திரும்பச் சேர்த்து வைக்கும் வேலை அதற்குக் கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கண் ஆபரேஷன் எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

மெக்கானிக் வந்து கார்ப்ரேட்டரைப் பிரித்தார். கிண்ணத்துக்குள் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி ஒரு படலம், பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையில் பிசின். தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பியால் குத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது. புது பிளக், புது பில்டர், அவர் கூலி எல்லாம் சேர்த்துப் பாதிப் பங்குதாரர் முழுசாகக் கொடுத்தேன். புதுப் பெட்ரோலில் மூன்றாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. பழைய பெட்ரோல் ஒரு கேனில் முருங்கை மரத்தடியில் நிற்கிறது, அதை என்ன செய்வதென்று வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

மிச்சமிருந்த மருந்தில் கொஞ்சம் புதுப் பெட்ரோலில் அளந்து ஊற்றி, டிரம்மில் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். சித்தப்பா அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் கடைசியில் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்ப்ரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை நின்றார். முப்பது வருஷமாக அவருடைய மருந்து அதுதான், காசு கிடையாது. “உன் தண்ணியெல்லாம் யாருக்குலே வேணும்” என்றார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று தம்பி மகனுக்கு நிஜமாகவே இருமல். அம்மா வீடு முழுக்க அந்த மூடியைத் தேடினாள். கடைசியில் சித்தப்பா வீட்டு அலமாரியில் கிடைத்தது. இன்ஜின் மருந்து பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, காற்றுப் புகாமல் ஒரு பையில் சுற்றி வைத்திருந்தார். அம்மா கேட்டதற்குக் கொடுக்கவில்லை.

“பிள்ளைக்கு ஸ்பூன்ல குடு” என்றார்.