இறந்தவர் வசித்த ஊர் எது?

நகரம் பெருகப் பெருக இறப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று கேட்டால், இறப்புப் பதிவுப் பிரிவில் இருப்பவர்கள் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். திருத்தணிக்காரர் சென்னை ஜி.ஹெச்.சில் இறந்தால் அது சென்னைக் கணக்கு. 10 லட்சம் பேர் வாழும் ஊரில் 9,000 இறப்பு பதிவாகிறது, அதில் 3,000 பேர் வெளியூர் நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 9 என்று தெரிவது உண்மையில் 6. இதைப் பிரித்தெடுக்க உதவுவது, இறப்பைத் தெரிவிக்கும் படிவம் 2-இல் இருக்கும் ‘வசித்த ஊர்’ என்ற கட்டம்தான். அவசரத்தில் மருத்துவமனை முகவரியையே அதில் நிரப்பிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது கடினம். உடம்புக்கு முடியாமல் போனதும் சொந்த ஊர் திரும்பி இறக்கும் கூலித் தொழிலாளிகளோ நகரக் கணக்கில் வருவதே இல்லை.

வகுக்கும் எண்ணான மக்கள்தொகையிலும் சிக்கல். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தது. பழைய 155 வார்டுகள் 107 ஆயின. சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள். பழைய வார்டு எண்ணை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டால் வேறு வேறு தெருக்களைத்தான் ஒப்பிடுகிறோம். வேலை தேடி இளைஞர்கள் குவியும் புறநகரில் இறப்பு விகிதம் தானாகவே குறையும். தண்ணீரும் சாக்கடையும் சரியாகிவிட்டன என்று அதற்குப் பொருளில்லை. வயதுவாரியாகப் பிரிக்காமல் பேசவே கூடாது.

காரணம் எழுதும் இடம்தான் மிகவும் வருத்தம் தருவது. மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்று, மருத்துவமனை இறப்புக்குப் படிவம் 4, வீட்டு இறப்புக்கு 4ஏ. முதல் வரியில் ‘இதயத் துடிப்பு நின்றது’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது எல்லோருக்கும் நிற்கும். அதற்கு அடிப்படையான சர்க்கரை நோயோ காசநோயோ கீழ் வரிகளில் வராவிட்டால் அந்தச் சான்றால் பயனில்லை.

வெப்ப இறப்பும் இப்படித்தான் மறைகிறது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்தது, மொத்த இறப்புகளை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டதால் தெரிந்தது. சான்றில் எழுதிய காரணத்தை எண்ணியிருந்தால் தெரிந்திருக்காது. 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. அதுபோல் நாள்வாரியாக எண்ணும்போது இறந்த தேதியை எடுங்கள், பதிந்த தேதியை அல்ல. பதிய 21 நாள் அவகாசம் இருப்பதால், கடைசி 21 நாள் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் தெரியும். அதைப் பார்த்து வெயில் தணிந்தது என்று அறிவித்துவிட வேண்டாம்.