ஏரிகளின் வரிசையும் பக்கங்களின் முகவரியும்

பெங்களூரில் அல்சூர்ப் பகுதியில் குடியிருக்கும் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி ஏரியாகச் சென்று குறிப்பெடுக்கும் வழக்கத்தை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். மூன்று குறிப்பேடுகள் நிறைந்தபின், அவற்றை நானே எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கங்களாக எழுதி ஒரு சிறிய இணையதளம் அமைக்க முற்பட்டேன். எழுதுவது கடினமாக இல்லை. எழுதியதை எந்த முகவரியில் வைப்பது, ஒரு பக்கத்தைப் படித்தவர் அடுத்த பக்கத்துக்கு எப்படிச் செல்வார் என்ற இரண்டு கேள்விகளே ஐந்து மாதங்களை எடுத்துக்கொண்டன.

முதல் இரண்டு வாரங்கள் இணைய முகவரியைப் பிரித்துப் படிக்கப் பழகுவதில் சென்றன. தொடக்கத்தில் உள்ள 'எச்டிடிபிஎஸ்' என்பது எந்த முறையில் பேச வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையே இல்லாதது என்று, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009-இல் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன்பின் வருவது டொமைன் பெயர், அதாவது தளத்தின் பெயர். அதற்கப்பால் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட பாதை. எனக்குத் தெளிவு தந்தது இவற்றைப் படிக்கும் திசைதான். நம் ஊர் வீட்டு முகவரியில் வீட்டு எண், கிராஸ், மெயின், ஸ்டேஜ், பேட்டை என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறோம். டொமைன் பெயரும் அப்படித்தான்: கடைசிப் புள்ளிக்குப் பின் இருப்பதே எல்லாவற்றிலும் பெரிய எல்லை. ஆனால் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தாண்டியதும் வரிசை தலைகீழாகி, பெரிய கோப்புறை முன்னாலும் அதற்குள் இருக்கும் சிறிய கோப்பு பின்னாலும் வருகின்றன. ஒரே வரிக்குள் இரண்டு திசைகள் இருப்பதை உணர்ந்த நாளிலிருந்து முகவரிகள் என்னைக் குழப்பவில்லை.

கேள்விக்குறிக்குப் பின் வருவது சர்வருக்கு, அதாவது பக்கங்களை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினிக்கு, செல்லும் கூடுதல் விவரம். எனக்கு அது இதுவரை தேவைப்படவில்லை. ஹாஷ் (#) குறிக்குப் பின் வருவது சர்வருக்குப் போவதே இல்லை. பக்கம் வந்து சேர்ந்தபின், அதற்குள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை உலாவி அதைக் கொண்டு தீர்மானிக்கிறது. நீளமான ஹலசூரு (அல்சூர்) ஏரிப் பக்கத்தில் பறவைகள் பற்றிய பகுதிக்கு நேரே செல்ல இதைப் பயன்படுத்தினேன்.

மூன்றாம் வாரத்தில் பக்கங்களைச் சர்வரில் ஏற்றினேன். வீட்டுக் கணினியில் ஒழுங்காகத் திறந்த இணைப்புகளில் பாதி, அங்கே '404', அதாவது 'பக்கம் இல்லை', என்று நின்றுவிட்டன. இரண்டு மாலைகள் தேடியபின் காரணம் தெரிந்தது. சில கோப்புகளின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு, இணைப்பில் அதே பெயரைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். வீட்டிலிருக்கும் விண்டோஸ் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. சர்வரில் இருக்கும் லினக்ஸ் வேறு வேறாகக் கொள்கிறது. டொமைன் பெயரில் எழுத்தின் அளவு பொருட்டில்லை, பாதையில் அது பொருட்டாகும் என்பதை அன்று அறிந்தேன். அதிலிருந்து எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே எழுதி, சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஹைபன் இடுகிறேன்.

இணைப்புகளை எழுதும் முறையும் அந்த வாரத்தில்தான் விளங்கியது. சாய்கோட்டில் தொடங்கும் இணைப்பு தளத்தின் வேரிலிருந்து, அதாவது எல்லாவற்றுக்கும் மேலான கோப்புறையிலிருந்து, எண்ணப்படுகிறது. சாய்கோடு இல்லாமல் தொடங்குவது நாம் நிற்கும் கோப்புறையிலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால் ஒரு படி மேலே ஏறுகிறது. இடம் மாறினால் இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் பொருள் மாறிவிடும். ஆகவே எல்லாப் பக்கங்களிலும் பொதுவாக வரும் இணைப்புப் பட்டிக்கு (மெனுவுக்கு) முதல் வகையை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

பெரிய தவறு இரண்டாம் மாதத்தில் நேர்ந்தது. ஏரிகளை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு கோப்புறைகளில் பிரித்து, திசையின் பெயரையும் முகவரியில் சேர்த்திருந்தேன். 'ஏரிகள்/தெற்கு/அகரா' என்பது போன்ற அமைப்பு அது. அகரா ஏரியைக் கிழக்கில் சேர்ப்பதே பொருத்தம் என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் சொன்னபோது அது சரியென்று பட்டதால், கோப்பை நகர்த்தினேன். அதற்குள் அந்தப் பக்கத்தின் முகவரியைப் பலருக்கு அனுப்பியிருந்தேன். குடியிருப்பு ஒன்றின் அறிவிப்புப் பலகையிலும் அது எழுதப்பட்டிருந்தது. அவர்கள் அனைவருக்கும் பக்கம் காணாமல் போயிற்று. நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதியதன் பொருளை நான் அப்போதுதான் உணர்ந்தேன். முகவரியைக் கொடுத்தபின் அது எழுதியவருக்கு மட்டும் உரியதன்று. அதைக் குறித்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு.

இதற்குப் பரிகாரம் '301' என்னும் நிரந்தரத் திருப்பம். பழைய முகவரியைக் கேட்டு வருபவரிடம், 'அது இனி இங்கே இருக்கிறது' என்று சர்வர் சொல்லிப் புதிய இடத்துக்கு அனுப்பிவிடும். '302' என்பது தற்காலிகத் திருப்பம். இரண்டையும் மாற்றி எழுதிவிடக் கூடாது. அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளில் இதற்கென ஓர் அமைவுக் கோப்பு இருக்கிறது. பழையது இடப்பக்கமும் புதியது வலப்பக்கமுமாக ஒரு தாளில் எழுதி, வரிக்கு வரி அதில் சேர்த்தேன். அத்துடன் திசைக் கோப்புறைகளையே நீக்கிவிட்டேன். இப்போது 'ஏரிகள்' என்ற ஒரே கோப்புறைக்குள் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு பக்கம். திசை, அமைப்பு, ஆண்டு எதுவும் முகவரியில் இல்லை. நகரின் பெயரையும் எடுத்துவிட்டேன். 2014 நவம்பரில் ஆங்கிலத்தில் அதன் எழுத்துமுறை அதிகாரபூர்வமாக மாறியதையும், நாம் அல்சூர் என்று அழைக்கும் ஏரியின் பெயர் பலகைகளில் ஹலசூரு என்று இருப்பதையும் பார்க்கும்போது, மாறக்கூடியது எது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

முகவரியைத் தமிழிலேயே வைக்க வேண்டும் என்பது என் உள்ளார்ந்த விருப்பம். 'ஹலசூரு-ஏரி' என்று வைத்தும் பார்த்தேன். உலாவியின் முகவரிப் பட்டையில் அது அழகாகத் தமிழில் தெரிந்தது. நகலெடுத்து ஒட்டியபோதோ சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த நீண்ட சங்கிலியாக மாறியது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும், அதைக் கணினியில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளைப் பெறுகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக எழுதப்படுகிறது. ஆகவே ஒரு குறிக்கு ஒன்பது இடங்கள். 'சூ', 'ரு', 'ரி' ஆகியவை மெய்யடிக்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றுமாக இரண்டிரண்டாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு ஆறு எழுத்துகளாகத் தெரியும் இப்பெயர் ஹைபனுடன் சேர்ந்து 82 இடங்களை எடுத்துக்கொள்கிறது. டொமைன் பெயரின் நிலை இதைவிட மேல். அங்கே பியூனிகோட் என்ற வேறு முறையில் சுருக்கப்படுகிறது, '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முடிவுகளும் நடைமுறையில் உள்ளன. அறிவிப்புப் பலகையில் கையால் எழுத முடியாத முகவரி என் வாசகருக்குப் பயன்படாது என்பதால், பாதைகளை ஆங்கில எழுத்திலும் பக்கத் தலைப்புகளைத் தமிழிலும் வைக்க முடிவு செய்தேன். இந்த முடிவில் எனக்கு முழு நிறைவில்லை.

கோப்புறைகள் போனபின், படிப்பவர் எப்படி வழி காண்பார் என்ற கேள்வி எழுந்தது. முகவரியின் அமைப்பும் படிப்பவர் செல்லும் வழியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். கோப்புறைக்குள் ஒரு பக்கத்துக்கு ஒரே தாய்தான் இருக்க முடியும். ஏரிகள் அப்படிப்பட்டவை அல்ல. ஹலசூரு ஏரியின் மிகுநீர் கால்வாய்கள் வழியே பெல்லந்தூரை அடைகிறது. மடிவாளாவின் நீர் அகரா வழியாக அதே பெல்லந்தூருக்கு வருகிறது. அங்கிருந்து வர்த்தூர், அதன்பின் தட்சிண பினாகினி. அந்த ஆறுதான் ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, தென்பெண்ணையாகக் கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. நீர் செல்லும் வழியையே பக்கங்களின் வழியாகக் கொண்டால் என்ன என்று தோன்றியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மேலிருந்து நீர் தருபவை', 'கீழே நீர் பெறுவது' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கமும் இருப்பதால், மறைந்த ஏரிகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் இட்டேன்.

உலாவியின் 'பின்செல்' பொத்தான் இருக்கும்போது மேலே செல்லும் இணைப்பு எதற்கு என்று தொடக்கத்தில் கருதினேன். தேடுபொறி வழியாக நேரே அகரா பக்கத்தில் வந்து இறங்குபவருக்குப் பின்னால் இருப்பது தேடுபொறிதானே தவிர என் முகப்பு அன்று. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முகப்பு, ஏரிகள், அகரா என்று நிற்கும் இடத்தைக் காட்டும் ஒரு வரியைச் சேர்த்தேன்.

பார்வையற்றவரான என் பெரியப்பா மகன், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானின் உதவியால் தளத்தைப் படித்துப் பார்த்தார். இன்சர்ட் விசையுடன் எஃப்7-ஐ அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வரும். "தம்பி, எனக்கு 'இங்கே, இங்கே, இங்கே' என்றுதான் கேட்கிறது. எது எங்கே போகிறது என்று தெரியவில்லையே" என்றார் அண்ணன். பதினொரு இடங்களில் 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதியிருந்தேன். அனைத்தையும் 'பெல்லந்தூர் ஏரியின் கால்வாய்கள்' என்பது போல, சேரும் இடத்தைச் சொல்லும் சொற்களாக மாற்றினேன்.

சென்ற வாரம் கைப்பேசியில் தென்பெண்ணைப் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையைத் தொடாமல், நீருக்கு எதிராக ஹலசூரு வரை இணைப்புகளால் மட்டுமே ஏறிச் செல்ல முயன்றேன். வர்த்தூரில் வழி அடைபட்டது; மேலிருந்து நீர் தரும் பெல்லந்தூரை அங்கே குறிக்க மறந்திருந்தேன். அதைச் சேர்த்துவிட்டேன். ஹெப்பாளில் தொடங்கி நாகவாரா வழியாக எலே மல்லப்ப ஷெட்டி ஏரிக்குச் செல்லும் மற்றொரு வரிசை இன்னும் இணைக்கப்படாமல் இருக்கிறது. நாகவாராவுக்குக் கீழே கால்வாய் செல்லும் தடத்தை நேரில் பார்த்தபின்பே அந்த இணைப்புகளை எழுத வேண்டும் என்பதால், வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே செல்கிறேன்.