புதன் இரவு 11:59

ஜூலை 28, திங்கள்
ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல்லின் பன்னிரண்டு வாரப் பாடங்கள் சூடுபிடிக்கும் நேரம். ஆர்வக்கோளாறில் நான்கு பாடங்களில் சேர்ந்தவர்கள் இப்போதே இரண்டை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஒரு பாடத்துக்கு வாரம் இரண்டரை மணி நேர வீடியோ வரும். நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தால் நாலு மணி, அசைன்மென்ட்டுக்கு இன்னொரு மணி. நாலு பாடத்துக்கு இருபது மணி! கல்லூரியையும் வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா?

ஆகஸ்ட் 6, புதன்
அசைன்மென்ட் கெடு வழக்கமாகப் புதன் இரவு 11:59. பலர் அன்று ஒன்பதரைக்குத்தான் முதல் வீடியோவையே திறப்பார்கள். கேள்வியை முதலில் பார்ப்பது, 1.75 வேகத்தில் ஓட்டி விடை வரும் இடத்தைத் தேடுவது. அறிமுக வாரங்களில் இது பலிக்கும். மூன்றாம் வாரக் கணக்குகள் முதல் இரண்டு வாரங்களின் மேல் நிற்பவை; வழுக்குவது அங்கேதான்.

ஞாயிறு காலையிலேயே, பாதிதான் தெரிந்தாலும், ஒருமுறை சமர்ப்பித்துவிடுங்கள். கெடு முடியும்வரை எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாகச் சமர்ப்பித்ததுதான் கணக்கு. புதன் இரவு கரன்ட் போனாலும் பூஜ்யம் விழாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து ரூ.1000 கட்ட வேண்டும், அந்தப் பதிவு பாடம் முடிவதற்கு வெகு முன்பே மூடிவிடும். ஒழுங்காகப் படித்தும் சான்றிதழ் இல்லாமல் போவது இதில்தான்.

பணம் கட்டினால் முடிப்பார்களா? ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற இணையதளத்தில் நடத்திய பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேரே முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். முடிக்கும் எண்ணம் உள்ளவர்தான் பணமும் கட்டுவார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
பன்னிரண்டு வார அசைன்மென்ட்டுகளில் சிறந்த எட்டுதான் கணக்கு. நாலை விடலாமே என்று முதல் மாதத்திலேயே நாலையும் செலவழித்துவிடுகிறார்கள். அது கல்லூரி இன்டர்னல் தேர்வுக்கும் காய்ச்சலுக்கும் வைத்திருக்க வேண்டிய கையிருப்பு.

இன்னொரு கூட்டம் இரண்டு பூஜ்யம் விழுந்ததுமே ஓடிவிடுகிறது. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25க்கு 10 வேண்டும், அதாவது ஒன்றுக்கு 100 வீதம் எட்டிலும் சேர்த்து 800க்கு 320. ஐந்தே ஐந்தில் 70 வீதம் எடுத்தால் 350 வந்துவிடும்! மீதி, நேரில் எழுதும் தேர்வில் 75க்கு 30.

திரும்பி வருபவர்கள் விட்ட வாரத்து வீடியோவில் உட்காராதீர்கள், நடப்பு வாரமும் போய்விடும். முதலில் இந்த வார அசைன்மென்ட். பழைய வீடியோக்களில் அதற்குத் தேவையானதை மட்டும் இப்போது பாருங்கள், மற்றதைத் தேர்வுக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.