அம்மாவின் முழங்கால் ஆபரேஷன்: ரூம் வாடகையில் விழுந்த அடி

அம்மாவுக்கு இடது முழங்கால் மூட்டு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. நன்றாகவே நடக்கிறார். எனக்குத்தான் அந்த பில் இன்னும் ஆறவில்லை.

விலை விசாரிக்காமல் போகவில்லை. செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். அதனால் மூட்டு விலையில் ஏமாற மாட்டோம், மீதிக்கு எஸ்டிமேட் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன்.

எஸ்டிமேட் போட்டது இருவர் தங்கும் ரூமுக்கு. அட்மிஷன் அன்று அது காலி இல்லை. "சிங்கிள் ரூம் எடுத்துக்கோங்க சார், ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறுதான் கூட" என்றார் கவுன்டரில் இருந்தவர். ஐந்து நாளுக்கு 7,500 தானே என்று கையெழுத்துப் போட்டேன்.

ரூம் மாறினால் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாமே ஏறும் என்று யாரும் சொல்லவில்லை. அதே டாக்டர், அதே தியேட்டர்! இன்சூரன்ஸ் அடி அதைவிடப் பெரிது. எங்கள் பாலிசி 3 லட்சம். ரூம் வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது 3,000. நாங்கள் இருந்ததோ 4,500 ரூபாய் ரூம். அதனால் அந்த ஃபீஸ்களிலும் அதே விகிதத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தந்தார்கள். மருந்து, இம்பிளான்ட் (செயற்கை மூட்டு), டெஸ்டுகளுக்கு இந்த வெட்டு கிடையாது. வெட்டு விழுந்த ஃபீஸ்கள் மொத்தம் 96,000; அதில் 32,000 போனது. ரூம் வித்தியாசம் 7,500, கையுறை மாதிரி சில்லறைச் சாமான் 6,200. கையிலிருந்து கட்டியது 45,700.

டிஸ்சார்ஜ் காலை பதினொரு மணிக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டச் சம்மதிக்கும் கேஷ்லெஸ் அப்ரூவல் வந்தது இரவு ஏழரைக்கு. அம்மா காலை நீட்டி உட்கார இடமில்லாமல் தவித்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அந்த நேரத்தில் ஒன்று செய்தேன். ஒரு பக்க பில்லை வாங்காமல், ஐட்டம்வாரியாக வேண்டும் என்று நின்றேன். "சிஸ்டத்தில் வராது" என்றவர்கள், அரை மணியில் பதினான்கு பக்கம் கொடுத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்தது மூன்று நாள், போட்டிருந்தது ஐந்து நாள். 1,600 ரூபாயைக் கழிக்க வைத்தேன். இம்பிளான்ட் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். அதில் கம்பெனி பெயரும் பேட்ச் நம்பரும் இருக்கும், பில்லோடு ஒப்பிடலாம்.

வலது காலுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ரூமுக்கும் சர்ஜன் ஃபீஸ் எவ்வளவு என்று இப்போதே எழுத்தில் வாங்கி வைத்துவிட்டேன். இருவர் ரூம் காலியான பிறகுதான் அட்மிஷன்.