பழைய சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் 9: ரீபூட்டுக்குப் பிறகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பழைய சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸை (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) 8-லிருந்து 9-க்கு ஏற்றிய பிறகு கோளாறு வந்தால், முதல் சந்தேகம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மேல் இருக்கட்டும். 2025 ஆகஸ்டில் வந்த 9, டெபியன் 13-இன் மேல் நிற்கிறது. அப்போது அதன் கர்னல் 6.14. வெப் இடைமுகமும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூஎம்யூவும் பத்து வருடப் பெட்டியில்கூடப் பெரிதாக முரண்டு பிடிப்பதில்லை. டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, பயாஸ் மூன்றோடும் நேரடியாக மல்லுக்கட்டுவது கர்னல்தான். அதனால் பழைய கர்னலைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றுவதே புத்திசாலித்தனம். ஏற்றிய கையோடு ஆட்டோரிமூவ் கொடுத்துப் பழைய கர்னல்களைத் துடைத்துவிட்டால், திரும்பிப் போக வழி இருக்காது.

7-இல் இருப்பவர்கள் நேராக 9-க்குத் தாவ முடியாது. 7.4, பிறகு 8.4, அதன் பிறகே 9. 8-லிருந்து ஏறும் முன் 'பிவிஇ8டூ9' சோதனை ஸ்கிரிப்டை '--ஃபுல்' சேர்த்து ஓட்டுங்கள். ரூட் பார்ட்டிஷனில் 5 ஜிபி காலியாக இருந்தாக வேண்டும்; 10 இருந்தால் நிம்மதி. வெப் இடைமுகத்தில் உள்ள ஷெல்லில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஏற்றத்தின் நடுவில் அந்த இடைமுகமே ரீஸ்டார்ட் ஆகும், ஷெல்லும் அதோடு போய்விடும். எஸ்எஸ்ஹெச்-இல் நுழைந்து, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். சர்வருக்கு முன்னால் கீபோர்டு வைத்து உட்கார முடிந்தால் இன்னும் நல்லது.

கட்டளை 'டிஸ்ட்-அப்கிரேட்'தான். வெறும் 'அப்கிரேட்' பாதிக் கிணறு தாண்டிய கதையாகிவிடும். நீக்கப்படும் பேக்கேஜ் பட்டியலில் 'ப்ராக்ஸ்மாக்ஸ்-விஇ' என்ற பெயர் தெரிந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லி நிறுத்துங்கள். பெரும்பாலும் ரெப்போ (பேக்கேஜ்கள் வரும் கிடங்கு) வரி ஒன்று இன்னும் டெபியன் 12-ஆன புக்வர்மிலேயே தங்கியிருக்கும், அல்லது சந்தா இல்லாதவர்களுக்கான நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்போவைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். சந்தா இல்லாமல் எண்டர்பிரைஸ் ரெப்போவை மூடாமல் விட்டதன் அடையாளம் 401 பிழை.

ரெப்போ சரியாக இருந்தும் "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட் அடம்பிடித்தால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன பெட்டிகள், மின்சாரத்தைப் பிடுங்கிச் சொருகியதும் பழைய வருடத்துக்கே போய்விடும். நெட்வொர்க் சிக்கல் என்று நினைத்து ஃபயர்வாலை நோண்டுவதற்கு முன் பேட்டரியை மாற்றுங்கள்.

இனி ரீபூட். பூட் பாதியில் நின்று, திரையில் 'டிமார்' என்று தொடங்கும் வரிகள் ஓடுகின்றன, அல்லது ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்கிறது. இதற்கு வழக்கமான காரணம் ஐஓஎம்எம்யூ, அதாவது எந்தக் கார்டு நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று காவல் காக்கும் பகுதி. ப்ராக்ஸ்மாக்ஸின் 6.8 கர்னலிலிருந்து இன்டெல் பெட்டிகளில் அது தானாகவே ஆன் ஆகிறது. அதுவரை யாரும் கேட்காததால் வெளியே தெரியாமல் இருந்த பயாஸ் பிழைகள், நினைவகத்தைக் கேட்காமல் தொடும் பழைய ரெய்டு கன்ட்ரோலர்கள் எல்லாம் அப்போதுதான் அம்பலமாகின்றன. 8-இலேயே 6.8-ஐ ஓட்டியிருந்தால் இந்தக் கண்டத்தை ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள், பழைய 6.2, 6.5 கர்னலைப் பின் செய்து (அதிலேயே கிளம்பும்படி கட்டிவைத்து) காலம் தள்ளியவர்களுக்கு 9-இல்தான் முதல் அடி விழும்.

சோதிப்பது எளிது. பூட் தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் கர்னல் வரிமேல் நின்று 'இ' அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆஃப்' சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ். பூட் ஆகிவிட்டால் குற்றவாளி அதுதான். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே. நிலைக்க வேண்டுமானால் க்ரப் பெட்டிகளில் /இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் சேர்த்து 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் உள்ள ரூட்டும், பயாஸின் புதிய வாரிசான யூஇஎஃப்ஐயும் சேர்ந்து சிஸ்டம்டி-பூட் வழியாகக் கிளம்பும் பெட்டிகளில் அந்தக் கோப்பை எவரும் படிப்பதே இல்லை; /இடிசி/கர்னல்/சிஎம்டிலைனில் எழுதி 'ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ரெஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும். தவறான கோப்பில் எழுதிவிட்டு "ஆஃப் பண்ணியும் பலனில்லை" என்று முடிவுகட்டுவது அதிகம் நடக்கிறது. பாஸ்த்ரூ (ஒரு கார்டை நேரடியாக மெய்நிகர் கணினிக்குக் கொடுப்பது) தேவைப்படுபவர்கள் ஆஃப் செய்ய முடியாது. 'ஐஓஎம்எம்யூ=பிடி' போட்டுப் பாருங்கள்; பல பெட்டிகளுக்கு அதுவே போதும்.

பூட் ஆகிறது, பிங் போகிறது, ஆனால் மானிட்டர் மட்டும் கறுப்பு என்றால் பழைய மேட்ராக்ஸ் ஜி200 வகை வீடியோ சில்லாக இருக்கலாம். 'நோமோட்செட்' சேர்த்தால் தீரும்.

பிங்கே போகவில்லை என்றால் கார்டு செத்துவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். கன்சோலில் 'ஐபி லிங்க்' அடித்துப் பெயரைப் படியுங்கள். நேற்றுவரை 'இஎன்பி3எஸ்0எஃப்0' என்றிருந்தது இன்று 'இஎன்பி3எஸ்0எஃப்0என்பி0' ஆகியிருக்கும். பிசிஐ இடத்தையும் டிரைவர் சொல்லும் போர்ட் பெயரையும் வைத்துத்தான் இந்தப் பெயர் உருவாகிறது. புதிய டிரைவர் கூடுதலாக ஒரு விவரம் சொன்னால் பெயரும் நீளும். /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில், மெய்நிகர் கணினிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0-இன் 'பிரிட்ஜ்-போர்ட்ஸ்' வரி பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும். அங்கே ஒன்று, 'ஐஃபேஸ் ... மேனுவல்' வரியில் ஒன்று என இரண்டு இடத்திலும் மாற்றி 'ஐஎஃப்ரீலோட் -ஏ' கொடுங்கள். அடுத்த கர்னலில் இதே கூத்து வராமல் இருக்க, மேக் முகவரியை வைத்துப் பெயரைக் கட்டிப்போடும் 'பிவிஇ-நெட்வொர்க்-இன்டர்ஃபேஸ்-பின்னிங்' கருவி 9-இல் இருக்கிறது. கையால் '.லிங்க்' கோப்பு எழுதினால் பெயரை 'இஎன்' என்று தொடங்குங்கள். வெப் இடைமுகம் அதை நிஜக் கார்டாக அடையாளம் கண்டுகொள்ளும்.

ரியல்டெக் கார்டுக்கு டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைக் கம்பைல் செய்யும் ஏற்பாடு) வழியாக 'ஆர்8168' டிரைவர் போட்டவர்களுக்கு வேறு கதை. புதிய கர்னலுக்கு உரிய ஹெடர் பேக்கேஜ் இல்லையென்றால் மாட்யூல் கம்பைல் ஆகாது, கார்டும் எழாது. இன்டெல் இ1000இ சில்லுகளில் சுமை ஏறும்போது "ஹார்டுவேர் யூனிட் ஹேங்" என்ற வரி லாகில் வந்தால், ஈத்டூலில் பெரிய பாக்கெட்டுகளைப் பிரிப்பது தொடர்பான டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் ஆஃப் செய்யுங்கள்.

விஎம் (மெய்நிகர் கணினி) பக்கம் பெரும்பாலும் அமைதிதான், ஒரு விஷயம் தவிர. 8-லிருந்தே புதிதாக உருவாக்கும் விஎம்முக்கு இயல்பான சிபியூ வகை 'எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்'. 2009-இன் ஜியான் 5500 வரிசையில் ஏஇஎஸ் குறியாக்கக் கட்டளைகளே கிடையாது; அடுத்து வந்த 5600-இல்தான் வந்தன. 5500 பெட்டியில் பழைய விஎம்கள் ஓடும், இன்று உருவாக்கியது கிளம்பாது. வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் போதும். ரெட்ஹேட் 10-க்கு ஒரு படி மேலான வி3 தேவை. ஏவிஎக்ஸ்2 இல்லாத சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜில் எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் அதை கேவிஎம்மில் (கர்னலின் மெய்நிகராக்க வசதி) ஓட்ட முடியாது.

சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 16.04 கண்டெய்னர்களை (ஹோஸ்டின் கர்னலையே பகிர்ந்து ஓடும் தனிச் சூழல்கள்) 9-க்கு எடுத்துப் போக முடியாது. அவை நம்பியிருந்த, வளங்களைப் பங்கிடும் சிகுரூப்பின் முதல் பதிப்பை 9 முற்றிலும் நீக்கிவிட்டது. ஏற்றுவதற்கு முன்பே அவற்றை விஎம்மாக மாற்றிவிடுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் க்ரப்பின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் பழைய 6.8-ஐத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, 'ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் கர்னல் பின்' கட்டளையோடு அதன் முழுப் பதிப்பு எண்ணைக் கொடுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். அந்தக் கர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வழி திறந்திருக்க வேண்டுமானால், இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பின் (பூல்) வசதிகளைப் புதுப்பிக்கும் 'இசட்பூல் அப்கிரேட்' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். நிலைக் காட்சியில் "சில வசதிகள் இயக்கப்படவில்லை" என்று அது நச்சரிக்கும், பொருட்படுத்த வேண்டாம். இயக்கிவிட்டால் பழைய கர்னலில் உள்ள இசட்எஃப்எஸ் அந்தப் பூலைத் திறக்க மறுக்கக்கூடும். பழைய பயாஸ் முறையில் க்ரப் நேரடியாக ரூட் பூலைப் படிக்கும் பெட்டி என்றால், க்ரப்பே அதைப் படிக்காமல் போகும்.