தலைக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்பு டப்பா

கப்பலில் சாச்சுரேஷன் சேம்பருக்கு, அதாவது ஆழ்கடல் டைவர்கள் நாள்கணக்கில் அழுத்தத்திலேயே தங்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருக்கும் டைவர்களின் காற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சோடாலைம் டப்பாக்களை நிரப்பி, மெட்லாக் என்ற சின்ன இரட்டைக்கதவுப் பெட்டி வழியாக உள்ளே அனுப்புவேன். சோடாலைம் வேறொன்றுமில்லை, பெரும்பங்கு சுண்ணாம்புதான். வெள்ளைக் குருணை, மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைத் தின்னத் தின்ன கத்தரிப்பூ நிறமாகும், டப்பாவும் கதகதப்பாகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவசரமாகக் கொட்டி மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஏற ஆரம்பித்தது. தூத்துக்குடிக்கார அண்ணன் ஒருவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலே, படியில நெல்லு அளக்குற மாதிரி குலுக்கி நிரப்பணும். சந்து விட்டா கேஸ் அந்த வழியா ஓடிரும்."

இதே டப்பாவை 1930களில் அமெரிக்கக் கடற்படை மார்க் 5 என்ற செம்பு டைவிங் ஹெல்மெட்டின் பின்பக்கம் பொருத்தியது. காரணம் செலவுதான். ஹெல்மெட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு தேங்காமலிருக்க நிமிடத்துக்குச் சுமார் 120 லிட்டர் காற்று ஓடவேண்டும். 70 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் எட்டு மடங்கு. அப்படியென்றால் மேலே இருந்து கிட்டத்தட்ட 1,000 லிட்டர் அனுப்பவேண்டும். உடம்பு எடுப்பதோ ஓரிரு லிட்டர் ஆக்சிஜன். மிச்சமெல்லாம் குமிழி. காற்று என்றால் போகட்டும். ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் போதை தரும் என்று அதற்குப் பதிலாகக் கலக்கும் விலையுள்ள ஹீலியத்தை அப்படி விட மனசு வருமா?

அதனால் ஹோஸில் வரும் கேஸை ஊசித்துளை போன்ற ஒரு ஜெட் வழியாகப் பீய்ச்சினார்கள். வேகமாகப் போகும் லாரிக்குப் பின்னால் காகிதம் இழுபடுமே, அதுபோல ஹெல்மெட்டுக்குள் இருக்கும் கேஸையும் அது இழுத்து, டப்பாவுக்குள் தள்ளி, திரும்ப முகத்துக்கே அனுப்பும். பம்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. புதிதாக வந்த அளவுக்கு மட்டும் வால்வு வழியாக வெளியே போகும். பாதி மூடிய சுற்று என்பது அதுதான். டைவர் தின்ற ஆக்சிஜன் கழிந்துவிடுவதால், ஹோஸில் வரும் கலவையைவிட அவர் மூச்சில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு. கடுமையாக உழைத்தால் இன்னும் குறையும்.

1939 மே 23 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஸ்குவாலஸ் நீர்மூழ்கிக் கப்பல் நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் சுமார் 74 மீட்டரில் மூழ்கியது. 33 பேர் பிழைத்தார்கள், 26 பேர் இறந்தார்கள். கப்பலைத் தூக்கும் வேலை செப்டம்பர் வரை இழுத்தது. சாதாரணக் காற்றில் இறங்கியவர்களுக்கு நைட்ரஜன் போதை. இந்த ஹெல்மெட்டோடு ஹீலியக் கலவையில் இறங்கியவர்களுக்குப் புத்தி தெளிவாக இருந்தது.

டப்பாவில் தண்ணீர் புகுந்தாலோ ஜெட் அடைத்தாலோ, மூச்சு வாங்குகிறதே என்று டைவரே உணர்ந்து, வால்வைத் திறந்து கேஸை நேரடியாக ஓடவிடவேண்டும். அந்த டப்பாவைக் குலுக்கி நிரப்பியவருக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்க என்னைப்போல ஒரு மீட்டர்கூடக் கிடையாது.