மணல் என்று எழுதியதுதான் நான் செய்த தப்பு

சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறவனைப் பற்றி, கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் அழுகையுமாக, நண்பர்கள் கைக்காசு போட்டு எடுக்கிற படம் இது. முதல் காட்சியில் எங்கள் ஆள் அக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலத்தைச் சுற்றிவரச் சோம்பல்பட்டு, வறண்டு கிடக்கும் வெட்டாற்றில் டிராலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவான். சக்கரம் மணலில் புதையும்.

படப்பிடிப்பு அனுமதிக்குப் பஞ்சாயத்தும் போலீஸ் ஸ்டேஷனும் ஒரே காலையில் முடிந்தன. ஆற்றுக்குத்தான் அலைந்தேன். 'ஆற்று மணலில் படப்பிடிப்பு' என்று மனுவில் எழுதியிருந்தேன். ஆபீஸில் அதை வாங்கிப் படித்தவர் 'மணல்' வந்த இடத்தில் நிறுத்தி, பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், வெளியே லாரியை நிறுத்திவிட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி. "சார், கேமரா மட்டும்தான் சார்" என்றேன். மனுவில் புல எண் (சர்வே நம்பர்) இல்லை, போங்க என்றார்.

மறுபடி போனால் அவர் லீவு. அதற்கடுத்த தடவை வரைபட நகல் கேட்டார்கள், அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? கடைசியில் எங்கள் ஊர் கிராம உதவியாளர்தான் டீக்கடையில் உட்கார்ந்தபடி புல எண்ணைச் சொல்லி, "மணலை அடிச்சுட்டு ஆற்றுப்படுகைன்னு போடுங்க தம்பி. வண்டி இறங்காது, குழி தோண்ட மாட்டோம்னு ரெண்டு வரி சேருங்க" என்றார். போட்டேன், மனு நகர்ந்தது. நீங்களும் மனுவோடு புல எண், வரைபட நகல், இந்த இரண்டு வரி மூன்றையும் முதல் தடவையே கொண்டுபோய்விடுங்கள்.

இத்தனைக்கும் நான் நிதானமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 2024-ல் மேட்டூரை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். 2025-ல் சொன்னபடி ஜூன் 12-ல் திறந்துவிட்டார்கள், 15-ல் கல்லணையும் திறந்தாயிற்று. ஊரே குறுவைக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, தண்ணீர் வந்துவிட்டதே என்று வயிற்றெரிச்சல் பட்ட ஒரே டெல்டாக்காரன் நானாகத்தான் இருப்பேன். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்று படுகையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

அப்புறம் என்ன, கரையிலேயே எடுத்தோம். பெட்டியும் கையுமாக அவன் அக்கரையில் திருதிருவென்று நிற்கிறான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தர், கேமரா ஓடுவது தெரியாமல் இக்கரையிலிருந்து கத்தினார்: "பாலம் எதுக்குடா கட்டி வச்சிருக்கு?"

அதுதான் இப்போது படத்தின் முதல் வசனம்.